காலந்தாழ்த்திய தூதன்

1984 ஆம் ஆண்டு முதல் 34 ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நன்னூலையும் நிகண்டையும் மனப்பாடம் செய்து புலவர் பட்டம் பெற்றவன். மாணவர் கட்டுரையில் ஓர் ஒற்று மிகுந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. சிவப்பு மையால் அதனை வட்டமிட்ட பின்னரே அடுத்த வரிக்குச் செல்வேன். பிழை காண்பதில் வல்லவன் என்னும் பெருமிதம் நெடுநாள் என்னிடம் இருந்தது. ஆனால், பிழையைக் காண்பது வேறு. அப்பிழை பிறந்த இடத்தைக் காண்பது வேறு. இவ்வேறுபாட்டை நான் உணர்ந்தது வகுப்பறையில் அன்று. ஓய்வு பெற்றபின், கார் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில்.

கும்பகோணத்தில் வாழும் எங்களிடம் 2014 ஆம் ஆண்டில் வாங்கிய சிறிய பெட்ரோல் கார் ஒன்று உண்டு. என் துணைவியாரின் கண் மருத்துவத்திற்காகத் திங்களுக்கு இருமுறை தஞ்சாவூருக்குச் சென்று வருவோம். போகவும் வரவும் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வண்டியின் போக்கு மாறியது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 16 கிலோமீட்டர் ஓடியது, 12 கிலோமீட்டருக்கு மேல் ஓட மறுத்தது. சாலைச் சந்திப்பில் நிற்கும்போது, இருமல் கண்ட முதியவரைப் போல எந்திரம் குலுங்கியது. ஒருநாள் ஓட்டுநர்க்கு எதிரே உள்ள பலகையில், எந்திர வடிவில் அமைந்த மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது.

வழக்கமாகச் செல்லும் பட்டறையில் காட்டினேன். அங்கிருந்தவர் ஒரு கருவியைப் பொருத்தி விளக்கை அணைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் அது மீண்டும் எரிந்தது. மீண்டும் சென்றேன். “வண்டி பழையதாகிவிட்டது, விளக்கைப் பார்த்துக் கவலைப்பட வேண்டா” என்று கூறி அனுப்பிவிட்டார். கூவிய காவலனின் வாயை மூடிவிட்டுக் கள்வன் ஓடிவிட்டான் என்று எண்ணலாமா? எனக்கு மனம் அமையவில்லை. வழியில் வண்டி நின்றுவிட்டால், கண் தெளிவில்லாத துணைவியாரை நடுச்சாலையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்னும் அச்சமும் சேர்ந்தது.

அந்நிலையில், தஞ்சாவூர்ச் சாலையில் உள்ள வேறொரு பட்டறைக்கு வண்டியைச் செலுத்தினேன். எண்ணெய் படிந்த கைகளைத் துடைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். “ஐயா, வணக்கம்! 1998 ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பில் தங்களிடம் படித்தவன் நான்” என்றார். எனக்கு நினைவு வந்தது. ஆனால், வந்த நினைவு இனியதாக இல்லை. கேட்ட கேள்விக்கு உடனே விடை கூறாத சிறுவன் அவன். திகைத்து, அக்கம்பக்கம் பார்த்து, நேரம் கடந்த பின்னரே வாய் திறப்பான். “மந்தன்” என்று நான் முடிவு கட்டினேன். விரைவாக விடை சொல்வோர்க்கு இடையூறாக இருத்தலாகாது என்று கருதி, அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். இவரிடமா வண்டியை ஒப்படைப்பது என்று ஒரு கணம் தயங்கினேன்.

அவர் ஓட்டுநர்க்கு எதிரே உள்ள பலகையின் கீழ்ப்புறம் இருந்த இணைப்பில் ஒரு கருவியைப் பொருத்தினார். அதன் முகத்தில் “பி 0133” என்னும் குறியெண் தோன்றியது. “முதல் ஆக்சிஜன் சென்சார் மெதுவாக வேலை செய்கிறது என்று சொல்கிறது, ஐயா” என்றார்.

“அப்படியானால் அதனை மாற்றிவிடு, தம்பி!” என்றேன் நான்.

அவர் தம் முகத்தின் வலப்பக்கத்தை என்பால் திருப்பி நின்று, “இந்த எண் சென்சாரை மாற்று என்று சொல்லவில்லை, ஐயா. அதனிடமிருந்து வரும் செய்தி காலந்தாழ்ந்து வருகிறது என்று மட்டுமே சொல்கிறது. காரணத்தை நாம்தாம் தேட வேண்டும். வண்டி இன்றிரவு இங்கேயே இருக்கட்டும், எந்திரம் குளிர்ந்தபின் நாளைக் காலையில் பார்ப்போம்” என்றார். முகத்தைச் சாய்த்து அவர் நின்ற நிலையை ஆசிரியர்பால் காட்டும் பணிவென்றே நான் கொண்டேன்.

மாணவர்களே, ஆக்சிஜன் சென்சார் என்பது யாது? தமிழில் அதனை உணரி என்போம். பெட்ரோல் செம்மையாக எரிவதற்கு அதன் எடையைப் போல 14.7 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் எரியாத பெட்ரோலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக் காற்றும் புகையோடு வெளியேறும். காற்று மிகுந்தால் எந்திரம் தளரும். நைட்ரசன் ஆக்சைடுகளாகிய வேறு நஞ்சுகள் புகையில் எஞ்சும். இந்நஞ்சுகளை மாற்றுவதற்குப் புகைக்குழாயில் ஒரு வினையூக்கி அமைந்துள்ளது. காற்றும் பெட்ரோலும் உரிய அளவை ஒட்டி நின்றால்தான் அவ்வினையூக்கியால் தன் கடமையைச் செய்ய முடியும். அளவு சரியாக உள்ளதா என்பதை வெளியேறும் புகையில் எஞ்சிய ஆக்சிஜனைக் கொண்டு அறிந்து, எந்திரத்தை ஆளும் சிறு கணிப்பொறிக்குச் சொல்வதே உணரியின் பணி.

விரல் நீளமுள்ள அவ்வுணரியின் உள்ளே சிர்கோனியா என்னும் சுட்ட மண் போன்ற பொருள் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் புகை. மறு பக்கத்தில் வெளிக்காற்று. ஏறக்குறைய 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியபின், இரு பக்கத்து ஆக்சிஜனின் வேறுபாடு மின்னழுத்தமாகப் பிறக்கிறது. பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டியும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியும் நிற்கும். இதற்கு அடிப்படையான விதியை 1889 ஆம் ஆண்டில் வகுத்தவர் ஜெர்மனி நாட்டு அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட். அவர் 1920 ஆம் ஆண்டிற்குரிய வேதியியல் நோபல் பரிசைப் பெற்றவர். அவ்விதியைத் துணைக்கொண்டு அந்நாட்டுப் பாஷ் நிறுவனம் ஆக்கிய உணரி, 1976 ஆம் ஆண்டில் வால்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது. இந்தியாவில் 1995 ஆம் ஆண்டில் நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி கட்டாயமாயிற்று. வினையூக்கிக்கும் உணரிக்கும் நஞ்சாகிய ஈயம் கலந்த பெட்ரோல், 2000 ஆம் ஆண்டில் நாடெங்கும் நீக்கப்பட்டது.

இவற்றை எண்ணும்போது என் மனத்தில் அரசனும் தூதனும் தோன்றினர். கணிப்பொறி அரசன், உணரி அவன் தூதன். “பெட்ரோல் மிகுதி” என்று தூதன் வந்து சொன்னால் அரசன் குறைப்பான். “குறைந்துவிட்டது” என்று சொன்னால் கூட்டுவான். நல்ல தூதன் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் செய்தியை மாற்றிச் சொல்வான். எங்கள் வண்டியின் தூதன் பொய்யன் அல்லன். ஆனால், மெய்யைக் காலந்தாழ்த்திச் சொன்னான். அதற்குள் களத்தின் நிலை மாறிவிடும். பழைய செய்தியை நம்பி அரசன் கட்டளை இடுவான். குறைக்க வேண்டியபோது கூட்டுவான். கூட்ட வேண்டியபோது குறைப்பான். வீணான பெட்ரோலும் குலுங்கிய எந்திரமும் அதன் பயனே.

மறுநாள் காலையில் சென்றேன். எந்திரம் குளிர்ந்திருந்தது. உணரியை இன்னும் அவர் தொடவில்லை. “சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் சிறு துளை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். அப்போது சென்சார் காண்பது பொய்யான காட்சியாகும். அதனைக் குறை சொல்லிப் பயன் இல்லை” என்றார். எந்திரத்தை இயக்கி, உதவியாளரை வால்குழாயைத் தடித்த துணியால் சிறிது நேரம் அடைத்துப் பிடிக்கச் சொன்னார். குழாயின் இணைப்புகளில் எல்லாம் சோப்பு நீரைத் தடவினார். எங்கும் குமிழி எழவில்லை. பின்னர் நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை எந்திரத்தின் மீது ஊன்றி, பிடியைத் தம் வலச்செவியில் வைத்துக் கேட்டார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். ஒவ்வொரு முறையும் வலச்செவியே. குனிய முடியாத இடத்திலும் உடலை வளைத்துத் திருப்பி வலச்செவியையே கொண்டு சென்றார். அதனை நான் கண்டேன். கண்டதன் பொருளை அப்போது எண்ணவில்லை.

காற்று உட்செல்லும் குழாய்களிலும் வெடிப்பு இல்லை. அடுத்து, உணரியின் இணைப்பைக் கழற்றி, அதனைச் சூடாக்கும் உள்ளிழையை மின்மானியால் அளந்தார். அவ்விழை அறுந்திருந்தால் உணரி உரிய சூட்டை அடையாமல் மந்தமாகும். இழை அறவில்லை; அதற்கு மின்சாரமும் தடையின்றி வந்தது. வழியில் குற்றம் இல்லை. உணவில் குறை இல்லை. இனித் தூதனையே சோதிக்க வேண்டும்.

எந்திரம் நன்றாகச் சூடேறும் வரை காத்திருந்தார். முதல்நாள் பொருத்திய கருவியை விடுத்து வேறொன்றை எடுத்தார். “அந்தக் கருவி செய்தியை விட்டு விட்டுத்தான் படிக்கும், ஐயா. படிக்கும் கருவியே மெதுவாக இருந்தால், மெதுவென்று சென்சாரைப் பழிக்கலாமா?” என்றார். அவர் எடுத்தது அலைகாட்டி. நிமிடத்திற்கு 2500 சுற்று என்னும் அளவில் எந்திரம் ஓடியது. நலமுள்ள உணரியின் கோடு செங்குத்தாக ஏறிச் செங்குத்தாக இறங்கும் என்று சொல்லியிருந்தார். எங்கள் உணரியின் கோடோ, வயல்வரப்பின் சரிவைப் போலச் சாய்ந்து ஏறிச் சாய்ந்து இறங்கியது. முடுக்கியை ஒரே மிதியாக மிதித்துப் பெட்ரோலை மிகச் செய்தார். கோடு அசைந்து அசைந்து மேலே சென்றது. ஒரு சிறு காற்றுக்குழாயைப் பிடுங்கிக் காற்றை மிகச் செய்தார். கோடு தயங்கித் தயங்கிக் கீழே வந்தது. கேள்வி தெளிவாக இருந்தும் விடை தாமதித்தது. “இப்போது சொல்லலாம், ஐயா. மந்தம் சென்சாரிடம்தான்” என்றார்.

துரு இளக்கும் எண்ணெயை அதன் மரையில் முதல்நாள் மாலையே விட்டு ஊறவைத்திருந்தார். பக்கவாட்டில் பிளவுள்ள 22 மில்லிமீட்டர்ச் சாவியை உணரியின் கம்பி நசுங்காதவாறு மாட்டி, மெல்லத் திருகி வெளியே எடுத்தார். அதன் முனை முழுவதும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

“பெட்ரோலில் ஊறவைத்துத் தேய்த்தால் போகாதா?” என்று கேட்டேன்.

“போகாது, ஐயா. இது மேலே ஒட்டிய அழுக்கு அன்று, நுண்துளைகளை அடைத்துவிட்ட மணல்” என்றவர், சிறிது நேரம் அந்த வெண்மையையே பார்த்தார். “இது தானாக மந்தமானது அன்று, ஐயா, மந்தமாக்கப்பட்டது. அண்மையில் எந்திரத்தின் மேல்மூடியைத் திறந்தார்களா?” என்று கேட்டார்.

ஆம்; ஆறு திங்களுக்கு முன் அங்கே எண்ணெய் கசிந்தது. பழைய பட்டறையில் அதனை அடைத்துத் தந்தார்கள். அவர் விளக்கைப் பிடித்துக் காட்டினார். மூடியின் விளிம்பில், கேஸ்கட் என்னும் அடைப்பு இருக்க வேண்டிய இடமெங்கும் சிலிக்கோன் பசையைப் பிதுக்கி அப்பியிருந்தார்கள். உணரிக்குத் தீங்கு செய்யாத பசையும் உண்டு; இது அவ்வகையன்று. இப்பசை உலரும்போது எழுந்த ஆவி, எந்திரத்தின் உள்மூச்சோடு கலந்து, எரிந்து, நுண்மணலாகி உணரியின் முனையில் படிந்துவிட்டது. அடைத்த கசிவும் நிற்கவில்லை. எண்ணெய் மீண்டும் கசிந்துகொண்டிருந்தது. உணரியை மட்டும் மாற்றியிருந்தால், சில திங்களில் மற்றொருவர் அதே பசையை மீண்டும் அப்பியிருப்பார். புதிய உணரியும் அதே நஞ்சை உண்டிருக்கும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். நோயைத் தேர்தல், நோயின் முதலைத் தேர்தல், அது தணியும் வழியைத் தேர்தல் எனக் கரும்பலகையில் பகுத்து எழுதி, மாணவரைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்வேன். எழுதிக் காட்டியவன் நான். செய்து காட்டியவர் இவர்.

மந்தமானது அன்று, மந்தமாக்கப்பட்டது! அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. வலச்செவியில் ஊன்றிய திருப்புளியும், வலப்பக்கம் திருப்பி நின்ற முகமும் ஒருசேர என் நினைவில் எழுந்தன. பணிவென்று நான் கொண்டது பணிவு மட்டுந்தானா?

“தம்பி, உன் இடச்செவி கேளாதா?” என்று கேட்டேன்.

“சிறுவயதிலிருந்தே கேளாது, ஐயா” என்றார், கையிலிருந்த வேலையை விடாமல்.

“வகுப்பில் நீ தாமதித்து விடை சொன்னது...”

“வாசல் பக்கம் சுவர் ஓரத்தில், நல்ல செவி சுவரைப் பார்க்க உட்கார்ந்திருப்பேன். தாங்கள் கேட்பது பாதிதான் விளங்கும். பக்கத்துப் பையன் வாயசைவைப் பார்த்துக் கேள்வியைத் தெரிந்துகொண்டு, பிறகு விடை சொல்வேன்.”

“என்னிடம் சொல்லியிருக்கலாமே!”

“மற்றவர்க்கும் அப்படித்தான் கேட்கும் என்று எண்ணியிருந்தேன், ஐயா.”

நான் வாயடைத்து நின்றேன். மூன்றடி தள்ளி உட்கார வைத்திருந்தால் அவன் குறை பாதி தீர்ந்திருக்கும். நானோ, கேளாத சிறுவனை இன்னும் கேளாத இடத்திற்கு அனுப்பினேன். வழியைச் சோதித்தேனா? செவியைச் சோதித்தேனா? கேட்கும் நான் பொறுமையுடன் கேட்டேனா என்று என்னையேனும் சோதித்தேனா? விளக்கை அணைத்துவிட்டு வண்டி பழையது என்று சொன்ன பட்டறைக்காரரை நான் மனத்தில் எத்தனை முறை பழித்திருப்பேன்! அவரினும் நான் எவ்வகையில் உயர்ந்தவன்?

“அது என் பிழை, தம்பி” என்றேன்.

அவர் சிரித்தார். “கடைசி வரிசையில் சன்னல் இருந்தது, ஐயா. எதிரே சைக்கிள் கடை. நாள் முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தொழில் ஆசை அங்கேதான் பிறந்தது” என்றார். என்னை ஆற்றுவதற்காகச் சொன்ன சொல் அது என்பது எனக்கு விளங்கியது. நல்ல முடிவு நேர்ந்ததனால் என் பிழை பிழையன்று ஆகிவிடாது.

பின்னர் அவர் மேல்மூடியைக் கழற்றினார். பழைய பசையைத் துகளும் உள்ளே விழாதவாறு சுரண்டி எடுத்து, அளவுக்கு ஏற்ற புதிய கேஸ்கட்டைப் பொருத்தினார். புதிய உணரியின் மரையில் மட்டும் பிடிப்பு இறுகாமைக்கு உரிய பசையை மெல்லத் தடவினார். முனையில் விரலும் படவில்லை. குறியெண்ணை அழித்தது அனைத்திற்கும் பின்னரே. “முதலில் அழித்தால் அது மறைத்தல், முடிவில் அழித்தால் அது சோதித்தல்” என்றார். இருவரும் சுவாமிமலை வரை ஓட்டிச் சென்று திரும்பினோம். விளக்கு எரியவில்லை. அலைகாட்டியில் கோடு சுவரைப் போல நிமிர்ந்து ஏறிச் சுவரைப் போல இறங்கியது.

திரையில் மற்றொரு கோடும் தெரிந்தது. அது ஏறாமலும் இறங்காமலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றது. “இதுவும் மந்தமோ?” என்று அஞ்சிக் கேட்டேன். “இல்லை, ஐயா. இது வினையூக்கிக்குப் பின்னால் உள்ள இரண்டாம் சென்சார். வினையூக்கி நன்றாக இருந்தால் இது அமைதியாகத்தான் நிற்கும். இது துள்ளினால்தான் நாம் கவலைப்பட வேண்டும்” என்றார். ஓரிடத்தில் குற்றமாவது மற்றோரிடத்தில் குணமாகிறது! நிற்கும் இடத்தை அறியாமல் விரைவைப் புகழ்வதும் அமைதியை இகழ்வதும் அறிவுடைமை ஆகா.

வண்டி இப்போது பழையபடி ஓடுகிறது. சனிக்கிழமைதோறும் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர்க்கு இலக்கணம் சொல்லித் தருகிறேன். கேட்ட கேள்விக்கு ஒரு பிள்ளை தாமதித்தால், நான் எழுந்து அப்பிள்ளையின் மறுபக்கம் சென்று நின்று, கேள்வியை மீண்டும் ஒருமுறை கேட்கிறேன். சிலர் அப்போதும் தாமதிக்கின்றனர். காத்திருக்கிறேன்.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் தாமதித்து விடை சொல்லும் தோழன் ஒருவன் இருக்கலாம். தோழி ஒருத்தி இருக்கலாம். அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன், கேள்வி அவர் செவியைச் சென்று சேர்ந்ததா என்று பாருங்கள். பிழைக்குப் பெயரிடுதல் எளிது. அதன் முதலைத் தேடுதல் அரிது. அரிய அதனையே செய்யப் பழகுங்கள்.